கடைசி எடுப்பு முடிந்த காடு

போன ஆனி மாதம் என் சின்ன மகளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தேன். பழனி மலைத்தொடரின் காப்பித் தோட்டங்களுக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். திரும்பி வரும் பஸ்ஸில் என் அழுகை நிற்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பிள்ளைய விட்டுட்டு வந்தா அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். நான் அழுதது சின்னவளுக்காக அல்ல. வீட்டில் இருக்கும் பெரியவளுக்காக. அதை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? பழத்தைத் தின்றுவிட்டு மதுரை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் புதூர்ப் பக்கம். கோவில்பட்டிக்குப் போனால்தான் எங்களுக்கு டவுனுக்குப் போன மாதிரி. நிலம் முழுக்கக் கரிசல், முழுக்க மானாவாரி. மேகம் பார்த்து விதைக்கிறவர்கள் நாங்கள். கம்பு, உளுந்து, மல்லி போடுவோம். எல்லாவற்றுக்கும் மேல் பருத்தி. பருத்தி எடுப்பில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் கடைசி எடுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டால், செடியில் ஒட்டியிருப்பதும் கீழே உதிர்ந்து கிடப்பதும் யார் பொறுக்கினாலும் அவர்களுக்கு. பிள்ளைகள்தான் முதலில் இறங்குவார்கள். மடியில் சேர்த்த பருத்தியைக் கடையில் கொட்டினால் சேவோ கடலை மிட்டாயோ கிடைக்கும். காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். களவு என்ற சொல்லை அந்த வேலையோடு சேர்த்து யாரும் நினைத்ததுகூடக் கிடையாது. எங்களுக்கும் சொந்தக் காடு இருந்தது. எங்கள் காட்டிலும் அப்படித்தான் நடந்தது.

பெரியவள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது மழை இரண்டாவது வருடமாகப் பொய்த்திருந்தது. விதைத்த விதை மண்ணுக்குள்ளேயே பொரிந்துபோனது. மாட்டை விற்றோம். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கப் புதூருக்கு நடக்க வேண்டும். பையன்கள் நடந்தார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. நான் எட்டாவது வரை படித்தவள். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் என் பிறந்த ஊர், பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரிலேயே இருந்ததால் அது நடந்தது. என் மகள் என்னைவிடக் கூடப் படிக்க வேண்டும் என்பது தவிர அந்த நாளில் எனக்கு வேறு ஆசை கிடையாது. வானம் வெளுத்துக் கிடந்த அந்த வருடத்தில் அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் அண்ணன் வந்தார்.

என் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். சின்ன வயதிலேயே காப்பித் தோட்ட வேலைக்கு மலைக்குப் போனவர். பிறகு தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் கங்காணியாகி, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். கார்த்திகை வெயிலில் தலையில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவில் வந்தார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், மண்டை காயுதேன்னு மூடியிருக்கீகளா?"

"மாப்ளே, இது குளிருக்கு இல்ல. மலையில இருந்து ஒரு ஆளு வந்திருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும்லா."

"தெரிஞ்சிட்டு. கழட்டுங்க. வேத்து ஊத்துது."

சிரித்துக்கொண்டே கழற்றினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். மலையில் காப்பி பழுத்துவிட்டது, ஆள் வேண்டும், மாசி வரைக்கும் வேலை இருக்கும், தங்க வீடு உண்டு என்றார்.

"பருத்தி எடுக்குத கைக்குக் காப்பிப்பழம் விளையாட்டு தங்கச்சி."

"பிள்ளைக்குப் படிப்பு இருக்கே, அண்ணே."

"அங்கன பள்ளிக்கூடம் இல்லன்னா நினைச்ச? தோட்டத்துக்குள்ளயே அஞ்சாப்பு வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல அடிவாரத்துல சிஸ்டர்மார் விடுதி. தொரை கை காட்டுத பிள்ளைய எடுத்துக்கிடுவாவ. சோறு, துணி, படிப்பு எல்லாம் அவிய பாடு. பத்தாப்பு வரைக்கும் நீ திரும்பியே பாக்க வேண்டாம்."

தொரை என்று அவர் சொன்னது தோட்ட மேனேஜரை. கேட்ட மறுநாளே நான் சட்டி பானையைக் கட்டிவிட்டேன். எங்கள் தெருவில் இன்னும் சில வீட்டுக்காரர்களும் கிளம்பினார்கள். என் மகளின் தாய்மாமன் கூப்பிடுகிறார், வேறு என்ன வேண்டும்?

மலையைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. அதையெல்லாம் மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. எங்களுக்குக் கொடுத்தது, தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டில் ஓர் அறை. புகை போக வழியில்லை, மழை நாளில் சுவர் ஊறும். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் குழாய். திறந்தால் தண்ணீர். என் மகள் அந்தக் குழாயை விட்டு நகரமாட்டாள். யாராவது சரியாக மூடாமல் போய்விட்டால் ஓடிப்போய் மூடுவாள். மலைக்காரப் பெண்கள் சிரிப்பார்கள். "ஏ கரிசக்காட்டுப் பிள்ள, அது ஓடட்டும், ஓடைக்குத்தான் போகுது" என்பார்கள். அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வரலாம். அங்கே சாக்குத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். சோற்றுக்கு அரிசி வந்தது. பொங்கலுக்குள் என் மகளின் கன்னம் நிரம்பிவிட்டது. அவள் பாவாடையின் ஓரத்தை நான் பிரித்து இறக்கித் தைத்தேன். கரிசலில் ஒரு பிள்ளை வளர்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. மலையில் பார்த்தேன்.

அட்டைக்குத்தான் பயந்தோம். காலில் ஏறியதே தெரியாது, ரத்தம் வடிந்தால்தான் தெரியும். புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு இறங்குவோம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், ஆரஞ்சு மரங்களுக்கு இடையே, காப்பிச் செடிகள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொப்பை வளைத்துப் பிடித்துப் பழத்தை உருவ வேண்டும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சையைத் தொடக்கூடாது. வெடிக்காத பருத்திக்காயை எடுக்காத கைகள் எங்களுடையவை, அதனால் சொன்னதும் புரிந்துவிட்டது. சாயங்காலம் அளக்கும்போது எங்கள் சாக்கில் பச்சை கிடக்காது. தொரையே ஒருநாள் எங்கள் சாக்கில் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு அண்ணனிடம், "உன் ஊர் ஆளுங்க நல்ல கை" என்றார். அண்ணன் அன்று முழுக்க மப்ளரைத் தட்டித் தட்டிக் கட்டிக்கொண்டார்.

அந்தக் காப்பியை நாங்கள் குடித்ததில்லை. களத்தில் கழித்துப் போட்ட உடைசலை வறுத்து இடித்து, ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் குடித்தோம். அந்தக் குளிருக்கு அதுவே தேவாமிர்தமாக இருந்தது.

அண்ணனுக்கும் என் மகள் வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளும் ஐந்தாம் வகுப்பு. முதல் வாரமே இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரே சீப்பு, ஒரே எண்ணெய்க் கிண்ணம். வாய்ப்பாட்டை ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுப்பாள். கணக்கில் என் மகள் முந்துவாள், பாட்டில் அவள் முந்துவாள். என்னை அத்தை, அத்தை என்று பின்னாலேயே வருவாள். என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, "ஏட்டி, ஒன்ன அத்த வீட்டுக்கே எழுதிக் குடுத்திருதேன்" என்பாள்.

தை மாதம் அண்ணன் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, விடுதியில இந்த வருசம் ஒரே ஒரு இடந்தான். தொரைகிட்டப் பேசிட்டேன். ஒம்பிள்ள பேரத்தான் சொல்லியிருக்கேன்."

"ஒங்க பிள்ள, அண்ணே?"

"நீ படிச்சவ. ஒம்பிள்ள போகட்டும். எம்பிள்ளைய அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்."

அவர் மூன்றாவதோடு நின்று ஆடு மேய்க்கப் போனவர். நான் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஆட்டோடு போவார், போகும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவார். அவர் இப்படிச் சொன்னதும் காலில் விழப் போனேன். "ஏட்டி, போ" என்று தள்ளிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பழம் அளக்கும் இடத்தில் தொரை என் மகளைக் கூப்பிட்டு ஒரு கணக்குக் கேட்டார். அவள் விரலை மடக்காமல் பதில் சொன்னாள். "சரி, ஜூன்ல அனுப்பலாம்" என்றார். அதோடு அது முடிவாகிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

விடுதிக்குப் போகும் பிள்ளை பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார்கள். பெட்டியைப் பற்றி என் வீட்டுக்காரர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் தோட்டத்தில் மேல்காட்டுப் பக்கம் கடைசி எடுப்பு முடிந்தது. செடிக்குக் கீழே சருகுக்குள் உதிர்ந்த பழம் நிறையக் கிடந்தது. அன்று குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் வந்து பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, மேல்காட்டுல எடுப்பு முடிஞ்சிட்டு. கீழ கிடக்குதத நீங்க பொறுக்கிக்கிடுங்க. நம்மூரு மாதிரிதான் இங்கனயும். காய வச்சுக் குடுத்தா சந்தைக்குக் கொண்டுபோய் வேணுங்கிறத வாங்கியாரேன்."

"தொரை ஏசமாட்டாவளா, அண்ணே?" என்று நான் கேட்டேன். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தொரைக்குத் தெரியும்."

பிள்ளைகள் பறந்தார்கள். லைனுக்குப் பின்னால் இருந்த பாறையில் பழம் காய்ந்து கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூட்டையாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். திரும்பி வரும்போது ரிப்பன், மிட்டாய், வளையல். என் மகள் மட்டும் எதுவும் வாங்கவில்லை. "மாமா, எனக்குப் பெட்டிக்குச் சேத்து வைங்க" என்பாள். "வச்சிருக்கேன் தாயி" என்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து காப்பி கருகும் வாசனை வந்தது. வறுக்கும் வாசனை வேறு, இது வேறு. மதினி அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு நான் அரிசி களைந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் பெரட்டுக்கு எல்லோரும் வர வேண்டும் என்று தகவல் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெயர் பெரட்டுக்களம். போனால், தொரை முகம் சிவந்து நிற்கிறார். சந்தைக்கடைக்காரர் ஒருவரிடம் தோட்டத்துக் காப்பிக்கொட்டை பிடிபட்டிருக்கிறது. யாரிடம் வாங்கியது என்று மட்டும் அவர் சொல்லவில்லையாம். அந்தக் காலத்தில் காப்பிக்கொட்டையைத் தோட்டத்துக்காரர்களே இஷ்டத்துக்கு வெளியில் விற்க முடியாது, முழுக்க அரசாங்கக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கீழே விழுந்த பழமும் தோட்டத்தினுடையது, அதைக் கூலி கொடுத்துப் பொறுக்குவார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"யார் எடுத்தது?" என்றார் தொரை.

பிள்ளைகள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எடுத்துச் சொல்லிவிடுவார், ஏச்சு வாங்குவார், அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

அண்ணன் விறுவிறுவென்று லைனுக்கு நடந்தார். எங்கள் வீட்டுக்குள் போனார். காய்ந்த பழம் கிடந்த சாக்கை இழுத்துக்கொண்டு வந்து தொரை காலடியில் போட்டார்.

"எந்தங்கச்சி வீட்டுல இருந்ததுங்க, தொரை. சொந்தம்னு பாத்தா முடியுமாங்க? தப்புன்னா தப்புத்தானுங்க."

என் மகள் என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள். "மாமா, நீங்கதான பொறுக்கச் சொன்னீக?"

"ஏட்டி, பெரியவங்க முன்னால பொய் பேசாத."

அந்தக் குரலில் நடுக்கம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. பழக்கமான, அன்பான, பிள்ளையைக் கண்டிக்கும் குரல்தான். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

"குழாயடியில வச்சுச் சொன்னீகளே, அண்ணே!" என்று நான் கத்தினேன். எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை அழைத்து வந்தது அண்ணன். அடுத்த வருடம் மழை இல்லையென்றால் அழைத்து வரப்போவதும் அண்ணன்தான். என் வீட்டுக்காரர் அண்ணன் சட்டையைப் பிடிக்கப் போனார். இரண்டு பேர் குறுக்கே விழுந்து தடுத்தார்கள்.

தொரை சொன்னது இதுதான்: "சொந்தத் தங்கச்சி வீட்டையே காட்டிக் கொடுக்கிறான். இவனா பொய் சொல்லுவான்?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கருகல் வாசனையின் அர்த்தம் புரிந்தது. சந்தைக்கடைக்காரர் முந்தின நாளே அண்ணனுக்குத் தகவல் சொல்லிவிட்டிருக்கிறார். அவர் மகள் பொறுக்கியதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, எங்கள் வீட்டில் இருந்ததை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். "எரிச்சிரு தங்கச்சி" என்று ஒரு வார்த்தை எனக்கும் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் என் வாசல்.

மதினிக்குப் பின்னால் அவள் மகள் நின்றாள். முகத்தை அம்மா சேலையில் புதைத்திருந்தாள்.

நாங்கள் அடுத்த பஸ்ஸிலேயே மலையை விட்டு இறங்கிவிட்டோம். வைகாசியில் செய்தி வந்தது. விடுதிக்கு அண்ணன் மகள் போய்விட்டாள், நேர்மையான ஆளின் பிள்ளை என்று தொரையே சொல்லி அனுப்பியிருக்கிறார். போகும்போது அவள் தலையில் புது டிரங்குப் பெட்டி இருந்ததாம். எல்லாப் பிள்ளைகளும் பொறுக்கியதில் வந்த பெட்டியா, அவர் தனியாக வாங்கியதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன செய்ய?

என் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. புதூருக்கு அனுப்புகிறேன், நானே கூட நடந்து வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "அங்கயும் கேப்பாவளா, நீ களவாண்டியான்னு?" என்று கேட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள்தானே அந்தக் களத்தில் நின்றவர்கள். அவர்கள் பிள்ளைகளும் புதூரில்தான் படித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியும் முன்பு எங்கள் முச்சந்திக்கு வரும். அதில் ஏறிப் போய்க் கட்டை அடுக்கினாள். சட்டத்தில் தீக்குச்சியை வரிசை வரிசையாக அடுக்கும் வேலை அது. காப்பிப்பழம் எடுத்த கை, கணக்குப் போட்ட கை, அதிலும் சீக்கிரமாக முன்னுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிப் பெருமையாக யாராவது என்னிடம் பேசினால் எழுந்து போய்விடுவேன்.

அவள் சடங்கானபோது அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்தார். வராமல் இருக்க அவராலும் முடியாது, வராதே என்று சொல்ல என்னாலும் முடியாது. ஊர் கூடியிருந்தது. அவர் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டு அவள் மணையில் உட்கார்ந்தாள். எல்லோரும் போன பிறகு அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள். மறுபடி அந்தச் சேலையை நான் வெளியே எடுக்கவில்லை.

பெரியவளுக்குப் பிறகு வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் சின்னவள். இந்த வருடம் அவள் ஐந்தாவது முடித்தாள். சித்திரையில் அண்ணன் வந்தார். மப்ளர் இல்லை, நரைத்துவிட்டார். தோட்டத்தில் இப்போது அவர் சொல்லுக்கு மரியாதை அதிகம் என்றார்கள்.

"சின்னவள விடுதிக்கு அனுப்பு தங்கச்சி. நான் சொன்னா நடக்கும்."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வேன் வரும் தெருவில் வளரும் பெண் பிள்ளையின் தகப்பன் அவர். "வாரத வேண்டாம்னு சொல்லாத" என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

"ஒங்க கை காட்டுறது வேண்டாம், அண்ணே" என்றேன்.

"கோவம் இன்னும் போகலயா ஒனக்கு?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் விடுதியை நான் மறக்கவில்லை. பெரியவளும் மறந்திருக்கவில்லை. ஆனி பிறந்ததும் கோவில்பட்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்து தங்கை முன்னால் வைத்தாள். பச்சை நிறம். பூட்டும் சாவியும் தனியாக. "அந்த ஸ்கூலுக்கே போகட்டும்மா. மாமா தயவு இல்லாமக் கேட்டுப் பாருங்க. இல்லன்னு சொன்னா திரும்பி வந்திருங்க" என்றாள்.

இல்லையென்று சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். தொரை கை காட்டாமல், தோட்டத்து ஆளும் இல்லாமல், எங்கிருந்தோ வந்த ஒருத்தியின் பிள்ளையை யார் எடுப்பார்கள்? வழி முழுக்கப் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். விடுதித் தலைவியான வயதான சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காராமலேயே ஒப்பித்தேன்.

"சிஸ்டர், ஒரே இடந்தான் இருக்கும்னு தெரியும். அது தோட்டத்துல சொல்லுத பிள்ளைக்குன்னும் தெரியும். ஒருவேளை இந்த வருசம் யாரும் வரலைன்னா..."

"ஒரே இடமா? யாரு சொன்னா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தோட்டத்துல இருந்து சொல்லி அனுப்புவாங்க, சரிதான். பிள்ளைக்கு வழித்துணை வேணுமே, அதுக்காக. மத்தபடி பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டிட்டு வந்து யாரு கேட்டாலும் சேத்துக்குவோம். மழையில்லாத ஊர்ல இருந்துதான் பாதிப் பிள்ளைங்க வருது. கேட்டு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினதே இல்லம்மா."

"எப்பவுமேவா, சிஸ்டர்? பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாலயும்?"

"அப்பவும் நான்தான் இங்க இருந்தேன்" என்று சிரித்தார். "அப்ப இன்னும் இடம் ஜாஸ்தி. வாங்க, காட்டுறேன்."

படுக்கைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். நீளமான கூடம், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு டிரங்குப் பெட்டி. கடைசியில் ஜன்னல் பக்கம் சில கட்டில்களில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கீழே பெட்டி இல்லை. சின்னவள் ஓடிப்போய் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் இங்கன படுத்துக்கிடவா?"

அவளிடம் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள், "சேத்துக்கிட்டாவளாம்மா?" என்றாள். "சேத்துக்கிட்டாவ" என்றேன். "எப்படிம்மா இருக்கு அங்க?" "நல்லா இருக்கு." அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் கொட்டு பார்க்கப் போயிருந்தார். பெரியவள் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"விடுதியில ஒரே ஒரு இடம்னு எதுக்குச் சொன்னீக, அண்ணே?"

டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீக. சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். கேட்டா ரெண்டு பேரையுமே எடுத்திருப்பாவளாம்."

மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். குழாயடியில் சொன்னதை மறுத்தவர்தானே. ஆனால் அன்று மறுக்கவில்லை.

"நான் கேக்கல, தங்கச்சி" என்றார்.

"என்ன கேக்கல?"

"எத்தன இடம்னு கேக்கல. ஒண்ணுதான் இருக்கும்னு நினைச்சேன். நம்ம பக்கம் எது ரெண்டா கிடைச்சிருக்கு? ரெண்டு பிள்ளைக்குக் கேட்டா ஒண்ணுக்கும் இல்லன்னுருவாவளோன்னு பயம். ஒம்பிள்ளைக்குன்னுதான் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். பொறவு அந்தக் கடைக்காரன் வந்து சொல்லவும்... ஒண்ணுதான இருக்கு, இதுவும் போயிரும், எம்பிள்ளையும் என்ன மாதிரி ஆடுதான் மேய்க்குமோன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதோடு நின்ற அந்தப் பையன் எனக்குத் தெரிந்தான். தெரிந்தும் என் மனம் இளகவில்லை. இல்லாத ஓர் இடப் பஞ்சத்துக்குப் பயந்து என் பிள்ளையைக் களத்தில் நிறுத்தினாரே, "பொய் பேசாத" என்றாரே. இன்னோர் இடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பஞ்சம் உண்மையாக இருந்திருந்தால்கூட நான் இதைத் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது.

"காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, அண்ணே" என்றேன்.

அவர் குடிக்காமலேயே எழுந்தார். அப்போதுதான் பெரியவள் வாசல்படிக்கு வந்து நின்றாள். ஒரு பக்கம் சடை பின்னியும் ஒரு பக்கம் அவிழ்ந்தும் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப அவளும் நானும் சேந்தே போயிருக்கலாம், என்ன மாமா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அண்ணன் செருப்பைத் தேடினார். அது அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. போட்டுக்கொண்டு கொட்டுச் சத்தம் வந்த திசைக்கு எதிர்த் திசையில், பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

பெரியவள் உள்ளே போய் மீதிச் சடையைப் பின்னினாள். நேற்று வேனிலிருந்து இறங்கி வந்து கை கழுவும்போது சொன்னாள்:

"அடுத்த மாசம் தங்கச்சியப் பாக்கப் போகும்போது நானும் வாரேம்மா. லீவு சொல்லிட்டேன்."

சரி என்றேன். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களைப் படுக்கைக் கூடம் வரைக்கும் விடுவார்கள். சின்னவள் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலைக் காட்டாமல் இருக்கமாட்டாள். அவள் கட்டிலுக்கு அடுத்தாற்போல் ஜன்னல் பக்கம் இருக்கும் கட்டில்களில், நான் வரும்போது மெத்தை சுருட்டித்தான் வைத்திருந்தது. பெரியவள் வந்து பார்க்கும் அந்த ஒரு நாளைக்காவது அவற்றில் யாராவது வந்து சேர்ந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.